வாசலில் பேசும் மனிதரும் குழுவில் பேசும் மனிதரும்

சர்ஜாபுரா சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எட்டு ஆண்டுகளாக வசிக்கும் நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பத்தோடு உங்களுக்கு உறவினருக்கு ஈடான நெருக்கம் உண்டு. அந்த வீட்டுப் பெரியவரை அண்ணா என்றே அழைக்கிறீர்கள். பிரசவ வலி கண்ட இரவில் உங்களை மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். ஆனால் 2023 செப்டம்பரில் காவிரி நீருக்காகப் பெங்களூருவில் முழு அடைப்பு நடந்த வாரத்தில், பிழைக்க வந்த தமிழர்கள் தண்ணீரையும் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள் என்னும் பொருள்பட எங்கிருந்தோ வந்த ஒரு செய்தியைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தவரும் அவரே. இந்த இரண்டில் எது அவருடைய உண்மையான முகம், உறவைத் தொடரலாமா, மனப்பான்மை என்று உளவியலார் சொல்வதற்கு ஏதாவது பொருள் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், தஞ்சைப் பக்கத்து உறவினர் குழுவில் உங்கள் மாமாவும் கன்னடர்களைப் பற்றி இதே தொனியில் அனுப்பினார் என்றும், விளைச்சல் போன வயிற்றெரிச்சலில் பேசுகிறார் என்று விட்டுவிட்டதாகவும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். விடைக்கான திறவுகோல் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் இந்நகரின் கல்லூரி ஒன்றில் சமூக உளவியலைப் பல ஆண்டுகள் கற்பித்தவன்; பணி ஓய்வுக்குப் பிறகு அலுவலகங்களிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் எழும் மனத்தாங்கல்களைப் பேசித் தீர்க்க உதவி வருகிறேன். அந்த மனிதரை நான் சந்தித்ததில்லை. அவர் தரப்பையும் கேட்டதில்லை. எங்கள் துறை பெரும்பாலும் பலரின் சராசரியைப் பற்றிப் பேசுகிறது; தனி ஒருவரின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் வல்லமை அதற்கில்லை. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 2015-இல் நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடி நடத்திப் பார்த்தபோது, ஏறத்தாழ 36 விழுக்காட்டில்தான் முதல் முடிவு திரும்பக் கிடைத்தது. சமூக உளவியல் ஆய்வுகளில் அது நான்கில் ஒன்று என்னும் அளவுக்குத் தாழ்ந்தது. ஆகவே எது திண்ணம், எது ஐயத்துக்குரியது என்பதை ஆங்காங்கே சொல்லிக்கொண்டு போகிறேன். மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து நடிக்கவைத்த, தொலைக்காட்சி விவாதங்களில் அடிக்கடி அடிபடும் ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையை இங்கே நான் சாட்சிக்கு அழைக்கவே போவதில்லை; காவலர்களாக நடித்தவர்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஆய்வாளர் தரப்பிலிருந்தே குறிப்புக் கொடுக்கப்பட்டது வெளிவந்த பின் அதை ஆதாரமாகக் காட்டுவது முறையாகாது.

உங்கள் புதிரின் முதல் பாதி, அதாவது ஒருவர் சொல்வதும் செய்வதும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது, எங்கள் துறையின் மிகப் பழைய புதிர்களில் ஒன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியர் 1930-களின் தொடக்கத்தில் ஓர் இளம் சீனத் தம்பதியரோடு அந்நாடு முழுவதும் காரில் பயணம் செய்தார். சீனர்மீதான வெறுப்பு அங்கே வெளிப்படையாக இருந்த காலம் அது. அவர்கள் ஏறி இறங்கிய விடுதிகளும் உணவகங்களும் 251. இடமில்லை என்று திருப்பி அனுப்பியது ஒரே ஓர் இடம். ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா என்று அவர் கேட்டபோது, பதில் போட்ட 128 இடங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை மாட்டோம் என்றன. 1934-இல் வெளிவந்த இந்த ஆய்வில் ஓட்டைகள் உண்டு. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் கல்லாவில் நின்று வரவேற்றவரும் ஒருவரேதானா என்பது தெரியாது. வெள்ளையர் ஒருவர் உடன் வந்தது கதவைத் திறந்திருக்கலாம். இருந்தாலும் உங்கள் எதிர்வீட்டாரின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீனர் என்னும் சொல் காகிதத்தில் வந்தபோது கிடைத்த விடை ஒன்று. களைத்துப்போன இரண்டு பேர் பெட்டியோடு வாசலில் நின்றபோது கிடைத்த விடை வேறு.

1969-இல் ஆலன் விக்கர் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மனப்பான்மைக்கும் நடத்தைக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பென்றால் 1) 0.30-ஐத் தாண்டுவது அரிது என்று கண்டார். அப்படியானால் மனப்பான்மை என்று ஒன்று இல்லவே இல்லை என்று சிலர் முடிவுகட்டினார்கள். அது அவசர முடிவு. மார்ட்டின் ஃபிஷ்பைன், ஐசெக் அய்சன் ஆகியோர் 1970-களில் காட்டியபடி, பொதுவான மனப்பான்மையைக் கொண்டு குறிப்பிட்ட ஒரு செயலைக் கணிக்கப் பார்த்ததுதான் தவறு. செயல் எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவு குறிப்பாகக் கேள்வியும் இருக்க வேண்டும். 1979-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. கருத்தடை பற்றிப் பெண்கள் பொதுவாக என்ன நினைக்கிறார்கள் என்பதற்கும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர்கள் கருத்தடை மாத்திரை சாப்பிட்டதற்கும் ஒட்டுறவு வெறும் 0.08, அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்த மாத்திரையைச் சாப்பிடுவது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அதையே குறித்துக் கேட்டபோது 0.57. இது பல முறை உறுதிப்பட்ட செய்தி. இதை நான் தயங்காமல் சொல்வேன். எனவே தமிழர்கள் என்னும் பெருந்தொகையைப் பற்றி உங்கள் எதிர்வீட்டார் ஒரு கோபமான வாரத்தில் பகிர்ந்ததை வைத்து உங்களிடம் நாளை அவர் எப்படி நடப்பார் என்று கணிப்பதற்கு அடிப்படை மிகவும் குறைவு. மறுதலையும் அதே அளவு உண்மை: உங்களிடம் அவர் காட்டிய பரிவை வைத்து, முன்பின் தெரியாத ஒரு தமிழ் லாரி ஓட்டுநரிடம் அவர் எப்படி நடப்பார் என்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டாவது பாதி நமக்குக் கசக்கும். ஆனால் அதை மறைத்துவிட்டு முதல் பாதியை மட்டும் ஆறுதலாகச் சொல்வது நேர்மையல்ல.

உண்மையான மனப்பான்மை ஆழத்தில் எங்கோ ஒளிந்திருக்கிறது, அதைத் தோண்டியெடுத்தால் போதும் என்னும் நம்பிக்கை 1998-க்குப் பிறகு புதிய வலுப் பெற்றது. கணினித் திரையில் தோன்றும் சொற்களையும் முகங்களையும் எவ்வளவு விரைவாக வகைப்படுத்துகிறோம் என்பதை அளந்து, நாமே அறியாமல் நமக்குள் இருக்கும் உள்ளுறை மனப்பான்மையைக் கண்டறியும் சோதனை அந்த ஆண்டில்தான் வந்தது. அது ஆய்வுக்குப் பயன்படும் கருவி. தனிமனிதரைத் தீர்ப்பிடும் கருவியல்ல. ஒரே ஆள் சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால் மதிப்பெண் கணிசமாக மாறிவிடுகிறது. அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதைக் கணிப்பதிலும் அது வலுவற்றது. கைப்பேசியில் ஒரு செய்தியைப் படித்து மற்றொருவரின் அடிமனத்தைப் பார்த்துவிட்டதாக எண்ணும் நமக்கு அந்தச் சோதனையின் துல்லியம்கூட இல்லை.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ஒருவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு நாம் கற்பிக்கும் காரணம் இருவகைப்படும்: அவர் குணமே அப்படி என்பது ஒன்று, சூழ்நிலை அப்படி என்பது மற்றொன்று. 1984-இல் ஜோன் மில்லர் சிகாகோவிலும் மைசூரிலும் மக்களிடம் அன்றாட நிகழ்ச்சிகளுக்குக் காரணம் கேட்டார். அமெரிக்கப் பெரியவர்கள் குணத்தையே மிகுதியாகச் சொன்னார்கள். மைசூரில் இருந்த பெரியவர்கள் சூழலையும் கடமையையும் உறவையும் சொன்னார்கள். சிறு பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை. வயது ஏற ஏறத்தான் தெரிந்தது. ஆக, சூழ்நிலையைக் கணக்கில் எடுப்பது நம் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்தச் சலுகையை நாம் எல்லாருக்கும் வழங்குவதில்லை. 1974-இல் தென்னிந்தியாவில் இந்து அலுவலக எழுத்தர்களிடம் டொனால்ட் டெய்லரும் வைஷ்ணா ஜக்கியும் நடத்திய ஆய்வில், தம் சமயத்தார் நல்லது செய்தால் அது குணம் என்றும், முஸ்லிம் ஒருவர் அதையே செய்தால் அது சூழ்நிலை என்றும், தீயதைச் செய்தால் இந்தக் கணக்கே தலைகீழாகவும் விடை வந்தது. இது சிறிய ஆய்வு. பின்னர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் செய்து பார்த்தபோது மலாய்க்காரர்களிடம் இந்தப் போக்கு தெரிந்தது, சீனர்களிடம் தெரியவில்லை. எனவே இதை மனித இயல்பின் விதி என்று கொள்ள வேண்டாம். அடிக்கடி நேரும் சறுக்கல் என்று கொள்ளலாம். உங்கள் மாமா அனுப்பிய செய்திக்கு நீங்கள் தந்த விளக்கம் விளைச்சல் இழப்பு. எதிர்வீட்டார் அனுப்பியதற்குத் தந்த விளக்கம் உண்மையான முகம். இரண்டு செய்திகளும் ஏறத்தாழ ஒன்றே என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. கேள்வி எந்த இடத்தில் சாய்ந்து நிற்கிறது என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

மாமாவுக்குக் குறுவை காய்ந்தது உண்மையென்றால், எதிர்வீட்டாரின் அச்சமும் கற்பனையல்ல. உங்கள் பகுதியில் பல குடியிருப்புகள் ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் தண்ணீரையும் நம்பியே காலம் தள்ளுகின்றன. 2023-இல் மழை பொய்த்ததன் விளைவை 2024 கோடையில் நகரம் முழுவதும் அனுபவித்தது. அச்சம் வதந்தியை எப்படி வளர்க்கிறது என்பதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு சிறந்த ஆய்வு உண்டு. 1934 ஜனவரி 15-இல் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்னும் உளவியலாளர் திரட்டினார். அதிர்ச்சியை உணர்ந்தும் பெருஞ்சேதம் நேராத இடங்களில் இருந்த மக்கள், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்னும் வதந்திகளை நம்பிப் பரப்பினார்கள். ஏற்கெனவே பயந்துபோயிருப்பவர் மேலும் பயமூட்டும் செய்தியை ஏன் தேட வேண்டும் என்னும் இந்தப் புதிர்தான் லியோன் ஃபெஸ்டிங்கரைத் தம் அறிதல் முரண்பாட்டுக் கோட்பாட்டை நோக்கி நகர்த்தியது. ஒன்றுக்கொன்று ஒவ்வாத எண்ணங்கள் தரும் உறுத்தலைக் குறைக்க மனம் முயலும் என்பது அக்கோட்பாடு; 1957-இல் அதை அவர் வெளியிட்டார். அவர் தந்த விளக்கம் இது: கண்ணெதிரே காரணமில்லாத பயம் மனத்தை உறுத்துகிறது, அந்தப் பயத்துக்குப் பொருத்தமான ஒரு காரணத்தை வதந்தி தருகிறது. கோட்பாட்டின் எல்லாக் கிளைகளும் இன்று தழைத்து நிற்கவில்லை. ஆனாலும் குழாயில் தண்ணீர் குறையுமோ என்று கலங்கும் ஒருவருக்கு, மழை பெய்யவில்லை என்னும் வானிலை அறிக்கையைவிட இன்னார் பிடுங்குகிறார்கள் என்னும் செய்தி மனத்துக்கு வசதியாக இருக்கிறது என்பதை நான் சங்கக் கூட்டங்களில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். உணர்ச்சி என்பது தனிமனிதருக்குள் மட்டும் எழுவதல்ல என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். குழுவின் உறுப்பினராகத் தம்மை உணரும் நேரத்தில், தமக்குத் தனிப்பட்ட முறையில் எதுவும் நேராவிட்டாலும் ஒருவருக்குக் கோபம் வருகிறது. அந்த நேரம் கடந்ததும் அது தணிந்துவிடுகிறது. கிரிக்கெட் பார்க்கும் எவருக்கும் இது விளங்கும்.

குழு என்று சொல்லும்போது ஹென்றி டாய்ஃபெலைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. போலந்து யூதரான அவர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்து உயிர் தப்பியவர். ஊரில் இருந்த உறவினர்கள் பெரும்பாலும் அழிக்கப்பட்டார்கள். பின்னாளில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பள்ளிச் சிறுவர்களை வைத்து அவர் நடத்திய சோதனைகள் 1970-இல் வெளிவந்தன. திரையில் தோன்றிய புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டி மதிப்பிட்டவர்கள், குறைத்து மதிப்பிட்டவர்கள் என்று பெயருக்கு ஒரு பிரிவு. உண்மையில் அது குலுக்கல் முறைப் பிரிவுதான். யார் யார் எந்தப் பக்கம் என்று கூடத் தெரியாது. தமக்கென்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. அப்படியிருந்தும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது சிறுவர்கள் தம் பக்கத்தாருக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். தம் பக்கத்துக்கு மொத்தத்தில் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்ப்பக்கத்தைவிட அதிகம் கிடைத்தால் போதும் என்னும் போக்கும் தெரிந்தது. வெறும் பிரிவினையே பாரபட்சத்துக்குப் போதும் என்னும் இம்முடிவு பல நாடுகளில் மீண்டும் கிடைத்திருக்கிறது. மாறாக, 1954-இல் ஓக்லஹோமாவின் முகாமொன்றில் 22 சிறுவர்களை இரு அணியாக்கி மோதவிட்டு, பிறகு பொதுவான தேவைகளால் சமாதானப்படுத்திய முசாஃபர் ஷெரீஃபின் புகழ்பெற்ற ஆய்வைச் சற்று ஒதுங்கி நின்று பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு முகாமில் அவர் இதையே முயன்றபோது சிறுவர்கள் சண்டைக்கு இணங்கவில்லை, பெரியவர்கள்மீதே ஐயம் கொண்டார்கள், முயற்சி கைவிடப்பட்டது. பாரபட்சம் எளிதில் வந்துவிடும், பகைமைக்கு யாராவது பாடுபட வேண்டும் என்றுதான் இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்து நான் படிக்கிறேன். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி, இந்நகரில் தமிழர்கள் தாக்கப்பட்டதும் 2016 செப்டம்பர் 12-இல் பேருந்துகளும் லாரிகளும் எரிந்ததும் அண்டை வீட்டாரின் மனப்பான்மை தானாகப் பொங்கி வழிந்ததால் நேர்ந்தவை என்று நான் கருதவில்லை.

ஒத்த கருத்துள்ளவர்கள் கூடிப் பேசினால் கருத்து நடுநிலைக்கு வராது, இருந்த திசையிலேயே மேலும் தீவிரமாகும். செர்ஜ் மொஸ்கோவிசியும் மரிசா ஸவல்லோனியும் 1969-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டுத் தலைவர் டி கோல் மீது ஓரளவு மதிப்பு வைத்திருந்த பிரெஞ்சு மாணவர்கள் கலந்துபேசிய பின் கூடுதல் மதிப்பு வைத்தார்கள். அமெரிக்கர்கள்மீது ஓரளவு மனக்கசப்புக் கொண்டிருந்தவர்களுக்குக் கசப்பு மிகுந்தது. ஒரே பக்கத்து வாதங்கள் மட்டும் காதில் விழுவது ஒரு காரணம். மற்றவரைவிட நாம் குறைந்தவரில்லை என்று காட்ட விரும்புவது மற்றொரு காரணம். நன்கு உறுதிப்பட்ட இந்த முடிவை வாட்ஸ்அப்புக்கு அப்படியே பொருத்தலாமா என்பது ஆய்வுக்குரியது. அங்கே பேச்சைவிடப் பகிர்தலே மிகுதி, முகமும் தெரியாது. என் கணிப்பில், ஒரு செய்தியை அனுப்பும்போது பலர் அதன் உள்ளடக்கத்துக்குக் கையெழுத்துப் போடுவதாக நினைப்பதில்லை. தான் எந்தப் பக்கம் என்று தம் பக்கத்தாருக்குத் தெரிவிப்பதாகவே நினைக்கிறார்கள். படிக்கும் உங்களுக்கு வலி ஒன்றுதான் என்பது வேறு செய்தி; அனுப்பியவரின் எண்ணம் எதுவாயினும் அந்த வலிக்கு அவர் பொறுப்பு.

அந்தச் செய்திக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை, முந்நூறு வீட்டாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் போலும் என்று எழுதியிருந்தீர்கள். இதைத்தான் நான் மிகவும் மறுக்கிறேன். சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய, கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லும் சோதனைகளில், ஆய்வாளரின் கூட்டாளிகள் அனைவரும் வேண்டுமென்றே தவறான விடையைச் சொன்னபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தோடு சாய்ந்தன. பாடநூல்கள் இந்த மூன்றில் ஒன்றை மட்டுமே பெரிதாகப் பேசும். மீதி விடைகள் சாயவில்லை என்பதும், நான்கில் ஒருவர் ஒருமுறைகூட வழுவவில்லை என்பதும், ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லித் துணை நின்றபோது கூட்டத்தோடு சாய்வது பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது என்பதும் அதே ஆய்வின் செய்திகள்தாம். இதோடு சேர்த்து நினைக்க வேண்டியது, ஒவ்வொருவரும் மனத்துக்குள் உடன்படாமல், மற்றவர்கள் எல்லாரும் உடன்படுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வாய்மூடியிருக்கும் நிலை. பிரின்ஸ்டன் மாணவர்கள் குடிப்பழக்கம் குறித்துத் தம்மைவிட மற்றவர்கள் தயக்கமற்றவர்கள் என்று பரவலாக நினைத்தார்கள் என்று 1993-இல் டெபோரா பிரென்டிஸும் டேல் மில்லரும் காட்டினார்கள். உங்கள் குடியிருப்பின் அமைதியை நீங்கள் ஒப்புதல் என்று படித்தீர்கள். உறவினர் குழுவில் நீங்கள் காத்த அமைதியை உங்கள் அத்தை மகனோ சித்தி பெண்ணோ எப்படிப் படித்திருப்பார்கள்?

பழகினால் பகை தீரும் என்னும் நம்பிக்கை பற்றியும் கேட்டிருந்தீர்கள். எட்டு ஆண்டு பழகியும் இப்படியா என்பது உங்கள் ஆதங்கம். கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் சொன்னது வெறும் பழக்கத்தைப் பற்றியல்ல. இரு தரப்புக்கும் சம நிலை, பொதுவான குறிக்கோள், கூடிச் செய்யும் வேலை, அதிகாரமோ வழக்கமோ தரும் ஆதரவு ஆகிய நான்கையும் அவர் நிபந்தனையாக வைத்தார். 2006-இல் தாமஸ் பெட்டிகுரூவும் லிண்டா டிராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்து, பழக்கம் தப்பெண்ணத்தை மிதமான அளவில் குறைக்கிறது என்று நிறுவினார்கள். அந்த மிதமான அளவுக்குள்ளும் ஒரு சிக்கல் உண்டு: தப்பெண்ணம் குறைந்தவர்களே அயலாரோடு மிகுதியாகப் பழகுகிறார்கள் என்றும் அதைப் படிக்கலாம். குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய சோதனைகளை மட்டும் 2019-இல் எலிசபெத் பலக் குழுவினர் பொறுக்கியெடுத்தபோது தேறியவை 27 மட்டுமே. 25 வயது கடந்தவர்களின் இனம் சார்ந்த தப்பெண்ணத்தைச் சோதித்தது அவற்றில் ஒன்றுமில்லை. இந்தியாவிலிருந்து வந்த ஒரு நல்ல சான்று 2021-இல் வெளியானது. உத்தரப் பிரதேசத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைக் கிரிக்கெட் அணிகளில் சேர்த்த மேட் லோ, வெவ்வேறு சாதியார் ஒரே அணியில் ஆடியபோது சாதி கடந்த நட்பு கூடியது என்றும், எதிரணியாக மோதியபோது அந்த நன்மை கிடைக்கவில்லை, பின்னடைவே நேர்ந்தது என்றும் கண்டார். பழகுவது மட்டும் போதாது, எந்த வகையில் பழகுகிறோம் என்பதே முதன்மை.

உங்கள் எட்டு ஆண்டுப் பழக்கம் ஏன் அந்தச் செய்தியைத் தடுக்கவில்லை என்பதற்கு எனக்கு மிகவும் பொருத்தமாகப் படும் விளக்கம், அவர் உங்களை விதிவிலக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார் என்பதே. நீங்கள் மற்றத் தமிழர்களைப் போல் இல்லையே என்னும் பாராட்டை இந்நகரத்துத் தமிழர்கள் பலரும் கேட்டிருப்பார்கள். அந்தப் பாராட்டுக்குள், மற்றத் தமிழர்களைப் பற்றிய எண்ணம் சேதமில்லாமல் பத்திரமாக இருக்கிறது. பழகும்போது நாம் யார் என்பதை அடியோடு மறைத்துக்கொண்டால் கிடைக்கும் அன்பு நம்மோடு நின்றுவிடும் என்றும், இன்ன சமூகத்தைச் சேர்ந்தவர் என்பது இருவருக்கும் நினைவிருக்கப் பழகினால்தான் அது அச்சமூகத்தின்மீதும் படரும் என்றும் மைல்ஸ் ஹியூஸ்டோனும் ரூபர்ட் பிரவுனும் 1986-இல் வாதிட்டார்கள்; பின்வந்த சான்றுகள் பெரும்பாலும் அதை ஆதரிக்கின்றன. அஷுதோஷ் வார்ஷ்ணேய் இந்திய நகரங்கள் ஆறை இணை இணையாக ஒப்பிட்டு 2002-இல் வெளியிட்ட ஆய்வும் வேறு பாதையில் இதற்குத் துணை வருகிறது. இந்து முஸ்லிம் கலவரங்களைத் தடுப்பதில், பண்டிகைக்குப் பலகாரம் மாற்றிக்கொள்ளும் அன்றாட நட்பைவிட, இரு சமூகத்தாரும் உறுப்பினராக உள்ள வணிகர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் மன்றங்களும் உறுதியாக நின்றன என்பது அவர் முடிவு. மொழிச் சிக்கலுக்கும் இது அப்படியே பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் மேலிருந்து வரும் ஆதரவின் பயனை நாம் அல்சூர் ஏரிப் பக்கமே பார்த்தோம். எதிர்ப்பால் திறக்கப்படாமல் பதினெட்டு ஆண்டுகள் துணி போர்த்தி நின்ற திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9-இல் திறக்கப்பட்டது. சில நாட்களில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரு முதலமைச்சர்களும் சேர்ந்து நின்றபோது, அதுவரை முடியாது என்றிருந்தது நடந்தது.

என்ன செய்யலாம் என்பதில் இனி வருவது ஆய்வு முடிவல்ல, என் அனுபவத்தீர்ப்பு. அந்தச் செய்தி வன்முறைக்கு அழைப்பதாக இருந்தாலோ, உங்கள் வீட்டையோ வண்டி எண்ணையோ சுட்டுவதாக இருந்தாலோ, புரிந்துகொள்ளும் கடமை உங்களுக்கு இல்லை. படம்பிடித்து வைத்துக்கொண்டு சங்கச் செயலாளரிடமும் காவல் நிலையத்திலும் கொடுங்கள். நீங்கள் எழுதியதிலிருந்து அது அவ்வகை அல்ல என்று தெரிகிறது. அப்படியானால் உறவைத் தொடருங்கள், ஆனால் பேசாமல் தொடராதீர்கள். குழுவில் பதில் எழுதினால் அவர் தம் பக்கத்தார் முன்னிலையில் நிற்க நேரும். ஆகவே அவர் வீட்டில், அவரும் அவர் மனைவியும் மட்டும் இருக்கும்போது, உங்களுக்கு வரும் அளவு கன்னடத்திலேயே பேசுங்கள். தமிழர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையின் மதிப்பு என்ன என்று மேலே பார்த்தோம். அந்த வாரம் நீங்கள் அனுப்பியதைப் படித்துவிட்டுக் குழந்தையைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகப் பயந்தேன் அண்ணா என்று, நடந்ததைச் சொல்லுங்கள். உங்களைச் சொல்லவில்லையே அம்மா என்று அவர் பதறினால், அதுதான் நான் சொன்ன விதிவிலக்கு. அதை ஏற்றுக்கொண்டு திரும்பிவிடாமல், எனக்கும் ஊரில் வயல் வைத்திருக்கும் மாமா இருக்கிறார், அவரும் அந்தச் செய்தியில் சொன்ன கூட்டம்தான் என்று சொல்லிப் பாருங்கள். அவர் சற்று யோசித்தால் நல்லது. எரிச்சலடைந்தால், நட்பின் எல்லை எது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த எல்லைக்குள் பழகிக்கொள்ளலாம், அதில் இழிவொன்றுமில்லை.

மாமாவின் குழுவிலும் ஒரு வரி எழுதுங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். எங்கள் எதிர்வீட்டார்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் மாமா, அவர்களைப் பற்றி இப்படி எழுத வேண்டாம் என்றால் போதும். ஆஷ் கண்ட அந்த ஒற்றைத் துணையாள் அக்குழுவில் யாருக்காவது தேவைப்படலாம்.

காலம் பார்த்துச் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. காவிரித் தகராறு பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை பொய்த்த ஆண்டுகளில், ஆகஸ்ட் செப்டம்பரில்தான் மூள்கிறது; அணைகள் நிரம்பியிருக்கும் ஆண்டில் அதை யாரும் நினைப்பதுகூட இல்லை. குழுவில் வெளிச் செய்திகளைப் பகிரக்கூடாது, அரசியலும் மொழியும் வேண்டாம் என்னும் விதியைச் சங்கக் கூட்டத்தில் அப்படியொரு அமைதியான ஆண்டில் கொண்டுவந்தால் எவர்மீதும் பாய்வதாக இராது; தகராறு மூண்ட பிறகு கொண்டுவந்தால் தமிழர் கொண்டுவந்த விதி என்றாகிவிடும். உங்கள் குடியிருப்பில் தண்ணீருக்கென்று குழு இருந்தால், அதாவது டேங்கர் கணக்கு, மழைநீர்ச் சேகரிப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் குழு, அதில் சேருங்கள். எதிர்வீட்டு அண்ணாவையும் சேரச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் இருவரும் சேர்ந்தே செயலாளரிடம் எழுதிக் கொடுத்துத் தொடங்கலாம்.